பாலைக்கும் வீரைக்கும் இடம் தந்தவர்களுக்கு

அம்பாந்தோட்டை மிரிஜ்ஜவில உலர் வலயத் தாவரவியல் பூங்காவில் வெயிலோடு வேலை செய்யும் சகோதர சகோதரிகளே,

கல்முனையிலிருந்து நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பேராதனை 1821, ஹக்கல 1861, ஹெனரத்கொட 1876. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய இந்தப் பூங்காக்கள் மூன்றும் மழைக்குக் குறைவில்லாத இடங்கள். ஹக்கல சின்கோனாவுக்கு, ஹெனரத்கொட றப்பருக்கு. நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நிலமோ எங்கள் ஊரைப்போல மாரியில் நனைந்து, கச்சான் காற்றில் மாதக்கணக்காய்க் காய்வது. அந்த நிலத்து மரங்களை வெட்டுவதற்கென்றே பார்த்தார்கள். பாலை ரயில் பாதைக்குச் சிலிப்பர்கட்டையானது. முதிரை கதவும் அலுமாரியுமானது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் எங்கள் பக்கத்துக்கு வயலும் வாய்க்காலும் தந்தது. அந்தச் சோற்றில் வளர்ந்தவன் நான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டிய காட்டோடு பாலையும் வீரையும் போயின.

2006இல் நீங்கள் வேலை தொடங்கும்போது சுனாமியின் காயம் உங்கள் கரையிலும் ஆறவில்லை, எங்கள் கரையிலும் ஆறவில்லை. நாட்டிலேயே ஆக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அப்படியொரு காலத்தில், வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீற்றர் அளவே மழை பெய்யும் பற்றைக்காட்டில், சுமார் 300 ஏக்கரில், முள்ளும் கள்ளியும் பாலையும் பேணத்தக்கவை என்று நினைத்தீர்களே! 2013இல் வாசல் திறந்தது.

உம்மாவை அங்கே கூட்டிவந்தேன். பேராதனையில் ஓர்க்கிட் பூக்களைப் பார்த்துப் பேசாமல் நடந்தவர், உங்களிடம் வந்து வாய் ஓயவில்லை. பாலைப்பழம் தின்றால் பால் உதட்டில் ஒட்டுவதையும், வாப்பா காட்டிலிருந்து வீரைப்பழம் கொண்டுவந்ததையும், ஆவரம்பூ அவித்துக் குடித்ததையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பிறந்து வளர்ந்த காட்டை என் பிள்ளைகள் முதன்முதலாக உங்கள் கையால்தான் பார்த்தார்கள்.

நட்ட மரத்தில் ஒரு பறவை தின்றாலும் அது நட்டவருக்குத் தர்மம் என்பது எங்கள் நபிமொழி. உங்கள் ஒவ்வொருவருக்கும் அந்த நன்மை சேர உம்மா துஆச் செய்கிறார்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எங்கள் பள்ளிக்கூட வளவுகளில் நடுவதற்குப் பாலைக்கன்றும் வீரைக்கன்றும் தந்துதவுங்கள். மாரி தொடங்குமுன் வேண்டும். ஏற்ற வாகனம் நாங்கள் கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
கல்முனையிலிருந்து ஒரு சகோதரன்