கிருஷ்ணா தண்ணியும் அம்மாவின் மாத்திரையும்

புனேவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம். அம்மா எங்களோடு வந்து இரண்டு வருஷம். இந்த இரண்டு வருஷத்தில் அம்மாவை எங்கெல்லாம் வெளியே கூட்டிப் போயிருக்கிறேன் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எலும்பு டாக்டர், கண் டாக்டர், ரத்தப் பரிசோதனை, ஒரே ஒரு கல்யாண ரிசப்ஷன். அவ்வளவுதான். பி.காம். படித்துவிட்டு பேங்கில் ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்க்கிறவனின் வீட்டுக் கணக்கு இந்த லட்சணம்.

"நாலாவது சனிக்கிழமை லீவுதானே? அத்தையை மகாபலேஷ்வர் வரைக்கும் கார்ல கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்" என்றார் தங்கமணி. வாண்டுவுக்கு மறுநாள் பரீட்சை என்பதால் அவர்கள் வரவில்லை. அம்மாவும் நானும் மட்டும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் ஒரு உள்நோக்கம் இருந்தது. அப்பா போன பிறகு வில்லிவாக்கம் வீடு அம்மா பேரில் இருக்கிறது. அம்மா விழுந்து காலில் அடிபட்டு இங்கே வந்ததிலிருந்து பூட்டியே கிடக்கிறது. விற்றுவிடலாம் என்று தம்பியும் நானும் பேசி முடித்திருந்தோம். தம்பிக்குப் பணமும் அவசரமாகத் தேவை. பவர் பத்திரத்தின் நகலை பிரிண்ட் எடுத்து டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டேன். மலைக் காற்று, நல்ல மனநிலை, அப்படியே பேச்சை எடுத்துவிடலாம் என்று திட்டம். லோன் விற்கிறவன் புத்தி வேறு எப்படி இருக்கும்? :-)

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அம்மா முன் சீட்டில், முதுகுக்கு ஒரு தலையணை, வாந்தி வராமலிருக்க கையில் எலுமிச்சம்பழம், மடியில் தயிர்சாத டப்பா. சாப்பிட்டதும் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும் என்று பையைக் காட்டினார். நானும் தலையாட்டினேன்.

கேட் சிவாப்பூர் டோல், கம்பட்கி காட் எல்லாம் தாண்டி, சுரூர் பக்கம் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினால் வாய் என்ற ஊர். ஊர் பேரே "வாய்"தான், அம்மாவுக்கு அதில் ஒரே சிரிப்பு. இருபுறமும் கரும்பு வயல், தூரத்தில் தட்டையாக வெட்டி வைத்தது போல மலைகள். ஊருக்குள் ஆற்றங்கரையில் 1762ல் கட்டிய கணபதி கோயில். டோல்யா கணபதி என்கிறார்கள். பிள்ளையார் நிஜமாகவே பெரியவர். கும்பிட்டுவிட்டுப் படித்துறையில் உட்கார்ந்தோம்.

"இது என்னடா ஆறு?"

"கிருஷ்ணா."

"எந்தக் கிருஷ்ணா?"

"நம்ம ஊருக்கு வருதேம்மா, அதே கிருஷ்ணாதான்."

அம்மா அதற்கப்புறம் பேசவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள் சுற்ற வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் என்றால் லாரி, இல்லையென்றால் தெருமுனை அடிபம்பு. அம்மா ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வருவார். அடிப்பது அவர், தூக்குவது நானும் தம்பியும். "கிருஷ்ணா தண்ணி வந்துட்டா இந்தக் கஷ்டம் இல்ல" என்பதுதான் எல்லார் வாயிலும். சென்னைக்காக மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் தலா 5 டி.எம்.சி. விட்டுத் தருவதாக 1976ல் ஒப்புக்கொண்டன. வழியில் வீணாவது 3 போக 12 டி.எம்.சி. சென்னைக்கு என்று கணக்கு. 1983ல் தமிழ்நாடும் ஆந்திராவும் ஒப்பந்தம் போட்டன. கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் தமிழக எல்லைக்கு வந்து சேர்ந்தது 1996ல். அதற்குப் பிறகும் 2003ல் குடம், 2019ல் குடம். அம்மாவின் முழங்கால் தேய்ந்ததில் அந்த அடிபம்புக்கும் பங்கு உண்டென்று நினைக்கிறேன்.

வாயைத் தாண்டியதும் பசர்ணி காட். வளைவுக்கு வளைவு ஏறுகிறது. கீழே தோம் அணையின் நீர்த்தேக்கம் நீலமாக விரிந்து கிடந்தது. "அம்மா, அங்க பாரு" என்று திரும்பினால் அம்மாவின் முகம் வெளிறிப் போயிருக்கிறது. உதடெல்லாம் காய்ந்து, கண்ணை மூடியபடி சாய்ந்திருக்கிறார். காரை ஓரங்கட்டித் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. பிரஷருக்குக் கொடுத்திருக்கிற நீர் மாத்திரையையும் போடவில்லை.

"அதைப் போட்டா அடிக்கடி போகணும்டா. நீ வண்டிய எங்கன்னு நிறுத்துவ? உனக்கு எதுக்கு சிரமம்?"

எனக்குப் பேச்சே வரவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தேன். பஞ்ச்கனியில் சுத்தமான கழிப்பறை இருந்த ஒரு ஹோட்டலில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். முகம் தெளிந்தது. திரும்பிவிடலாமா என்றேன். "ஆறு பொறக்கிற இடத்தப் பாக்காமயா?" என்றார்.

பழைய மகாபலேஷ்வரில் பஞ்சகங்கா கோயில். கிருஷ்ணா, கொய்னா, வெண்ணா, சாவித்திரி, காயத்ரி என்று ஐந்து நதிகளும் அங்கே பிறப்பதாக ஐதீகம். கல்லால் செய்த பசுவின் வாயிலிருந்து தண்ணீர் விழுகிறது. சுமார் 1,400 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் சேரும் ஆற்றின் ஆரம்பம் அதுதான். அம்மா இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக் குடித்தார். பாட்டிலிலும் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா! இதுக்காடா மூணு மணிக்கு எழுந்தேன்?"

வெளியே வந்து படியில் உட்கார்ந்ததும் அவராகவே ஆரம்பித்தார். "தம்பி சொன்னான். வீட்ட வித்துடுங்கடா. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு."

நான் நினைத்ததைவிட சுலபமாக வேலை முடிந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் "உனக்கு எதுக்கு சிரமம்" என்று மாத்திரையை ஒளித்தாரே, அதே குரலில்தான் இதையும் சொன்னார்.

"அது இருக்கட்டும்மா. உனக்கு என்ன வேணும்?"

ரொம்ப நேரம் பதிலில்லை. பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இப்பல்லாம் நம்ம தெருவுல குழாயத் திறந்தா தண்ணி வருதாம்டா. எதிர் வீட்டுக்காரி போன்ல சொன்னா. ஒரு மாசம் போயி இருந்து, அந்தத் தண்ணியில சமைச்சுப் பாக்கணும். அப்புறம் வித்துக்குங்க."

பத்திரம் இன்னும் டேஷ்போர்டுக்குள்ளேயே இருக்கிறது. தம்பிக்குக் கோபம், பதினைந்து நாளாகப் போன் இல்லை. அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது, பேசித்தான் தீர்க்க வேண்டும். மார்கழிக்கு அம்மாவோடு நானும் போகிறேன், பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தாச்சு. மீதி நாளுக்குத் தங்கமணி.

வயசானவர்களைக் காரில் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. "நிறுத்தணுமா?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மணிக்கு ஒரு தடவை நீங்களாகவே நிறுத்துங்கள். மாத்திரையைக் கண்ணெதிரே போட வையுங்கள். திரும்பி வரும்போது நான் அப்படித்தான் செய்தேன். நாலு தடவை நிறுத்தினேன். நாலு தடவையும் அம்மா இறங்கினார்.