ஐந்நூறு ரூபாயும் இரண்டு காதுகளும்

ஹெட்போன் வாங்குவதைப் பற்றியெல்லாம் மலரில் எழுத வேண்டுமா என்று சிரிக்காதீர்கள். அப்பாவின் வாரக் கூலியிலிருந்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கடைக்குப் போகிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

எங்கள் வீடு குமாரபாளையத்தில், தறிக்கூடத்தை ஒட்டி. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவன் நான். முப்பது வருடமாக விசைத்தறி ஓட்டும் அப்பாவுக்கு மெதுவாகப் பேசினால் இப்போது கேட்பதில்லை. "சத்தமாச் சொல்லு சாமி" என்பார். தறிக்கூடத்துச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். உள்காதில் உள்ள நுண்ணிய மயிர் செல்கள் அதில் செத்துப்போனால் மறுபடி வளராது. 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் வெறும் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாவுக்கோ ஒரு ஷிப்டே 12 மணி நேரம்!

ராத்திரி செல்போனில் பாடம் கேட்கும்போது தறிச் சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றினால், என் காதும் அதே வழியில்தான் போகும். ஆகவே வெளிச் சத்தத்தை உள்ளே விடாத ஹெட்போன்தான் வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

கடைக்காரர், "பேஸ் சும்மா அதிரும் தம்பி" என்று பெரிய டப்பாவை நீட்டினார். டப்பாவில் '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருந்தது. இது எல்லா டப்பாவிலும் இருக்கும், நம்பி ஏமாறாதீர்கள். பார்க்க வேண்டியது ஓம் கணக்கு. 16 அல்லது 32 ஓம் என்றால் செல்போனே தாராளமாக ஓட்டும். ஸ்டூடியோக்காரர்களின் 250 ஓம் வகை நமக்கு முனகத்தான் செய்யும். மைக் வேண்டுமென்றால் பிளக்கில் மூன்று வளையம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். சில போன்களில் இப்போது அந்த ஓட்டையே கிடையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது காதுக்குள் செருகும் ஒயர் வகை, 340 ரூபாய். கூடவே மூன்று அளவில் ரப்பர் மூடி கொடுத்தார்கள். இதில்தான் விஷயமே இருக்கிறது. மூடி லூசாக இருந்தால் பேஸும் போகும், தறிச் சத்தமும் உள்ளே வரும். எனக்கு வலது காதுக்கு நடு சைஸ், இடது காதுக்குச் சின்னது. சரியாகப் பொருந்திய பிறகு பாதி வால்யூமே போதுமாக இருக்கிறது. (ரோட்டிலும் வொர்க்ஷாப்பிலும் மட்டும் மாட்டாதீர்கள், சாமி!)

மீதிக் காசில் அப்பாவுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். "இதப் போட்டுட்டா தறி நின்னா எப்படிடா தெரியும்?" என்று கேட்டார். இப்போதைக்குப் பகல் ஷிப்டில் மட்டும் போட்டுக்கொள்கிறார்.