கோழி எழுந்து நிற்கவில்லை

2023 ஜூலை 13 அன்று தில்லியில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. 1978ஆம் வருஷத்து உச்சம் 207.49. இந்த எண்களைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் மயூர் விஹாரில் என் வீட்டுக் கதவைத் தட்டி, சேலைத் தலைப்பில் சுற்றிய கோழி ஒன்றை நீட்டினாள் எங்கள் காய்கறிக்காரி. யமுனைக் காதரில் பயிர் செய்பவள். (காதர் என்பது ஆள் பெயரல்ல, ஆற்றோரத் தாழ்நிலம். காவிரிப் பக்கத்தில் படுகை என்போம்.) உத்தரப் பிரதேசத்தின் பதாயூனிலிருந்து வந்து அங்கே குத்தகைக்கு விவசாயம் செய்யும் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. குடிசை மூழ்கிவிட்டது. எருமையைச் சாலையோரத்தில் கட்டிவிட்டார்கள். பதினோரு கோழிகளில் மிஞ்சியது இந்த ஒன்று. கூடாரத்தில் நாய்த் தொல்லை.

"தீதி, கொஞ்ச நாள் வெச்சிருங்க. முட்டை உங்களுக்கு, கோழி எனக்கு" என்றாள். கூடவே ஒரு மூட்டை கம்பு. இதைத் தவிர வேறு எதுவும் போடக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

பார்வைக்கு நாட்டுக்கோழி, ரத்தத்தில் பண்ணைக் கலப்பு. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 70 முட்டை இட்டு, நடுவே அடைகாத்து ஓய்வெடுத்துக்கொள்ளும். இது ஓய்வறியாத ஜாதி. வெள்ளம் வடிந்து, அவள் காதருக்குத் திரும்பிப் புதுக் குடிசை போட்ட பிறகும் கோழி என்னிடமே இருந்தது. கதவு போட்டதும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். கதவுக்குப் பணம் சேரவில்லை.

2024 ஜனவரியில் ஒரு காலை. பத்து நாளாகச் சூரியனே தலைகாட்டாத பனிமூட்டம். பின்கட்டில் கோழி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. முந்தின நாள் மாலைவரை ஓடியாடிய கோழி. கண் தெளிவாக இருந்தது, கொண்டை சிவப்பாகவே இருந்தது. கம்பை மூக்கருகே வைத்தால் கொத்தியது. தூக்கி நிறுத்தினால் இரண்டு காலும் துணி மாதிரி மடிந்தன.

கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஏண்டி, வெள்ளைக்கழிச்சலா இருக்கப்போறது, தூரப் போடு" என்றாள். வெள்ளைக்கழிச்சலை நாடு முழுக்க ராணிக்கெட் என்கிறார்கள். குமாவுன் மலை ஊர் ஒன்று தன் பெயரை ஒரு கோழி நோய்க்குக் கொடுத்துவிட்டு நிற்கிறது. தமிழ்ப் பெயர் நேர்மையானது, அறிகுறியையே சொல்கிறது. ஆனால் இங்கே கழிச்சலும் இல்லை, மூச்சிரைப்பும் இல்லை, கழுத்துத் திருகலும் இல்லை.

அருகிலிருந்த தனியார் மருத்துவரிடம் கொண்டுபோனேன். நாய், பூனைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் காத்திருப்பு. கோழியைத் தொடாமலே, "இந்தக் காசுக்கு ரெண்டு புதுக் கோழி வாங்கலாமே மேடம்" என்றார். கணக்கு சரிதான். அசைவம் சாப்பிடும் எனக்குக் கோழியின் உயிர் குறித்துப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. ஆனால் இது என் கோழியல்ல. ஒருத்தியின் வீட்டில் ஆற்று வெள்ளம் விட்டுவைத்த சொத்து. அதற்குப் பதில் வேறொன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று யோசிக்கும் உரிமை எனக்கு எப்படி வரும்?

மறுநாள் அட்டைப்பெட்டியோடு மெட்ரோவைத் தவிர்த்து ஆட்டோவில் சாந்தினி சௌக் போனேன். செங்கோட்டைக்கு எதிரே ஜைனர்களின் லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு தர்ம மருத்துவமனை இருக்கிறது. கட்டணம் இல்லை. கூண்டு கூண்டாகப் புறாக்கள்; பட்டக் கயிறு அறுத்த சிறகுகள்தான் அதிகம். மாமிசம் தின்னும் பறவைகளை அங்கே உள்நோயாளியாகச் சேர்ப்பதில்லை, பார்த்து அனுப்பிவிடுவார்கள். மண்புழுவைக் கண்டால் விடாத கோழி எந்தக் கட்சி என்று எனக்குள் ஒரு சந்தேகம். யாரும் கேட்கவில்லை.

அங்கே ஒருவர் கோழியை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். முதலில் பாதத்தின் அடிப்பக்கம். புண்ணோ வீக்கமோ இல்லை. பிறகு எலும்பு, முறிவு இல்லை. அடிவயிற்றை விரலால் தடவினார். முட்டை சிக்கியிருந்தால் கெட்டியாகத் தட்டுப்படுமாம். அடுத்து தரையில் கிடத்தி, கால்கள் போகும் திசையைக் கவனித்தார். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீண்டால் மாரெக்ஸ் நோயாக இருக்கலாம். ஹங்கேரியின் யோசெஃப் மாரெக் 1907இல் விவரித்த நோய். குஞ்சு பொரித்ததுமே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், வந்தபின் மருந்து கிடையாது. இங்கே இரண்டு காலும் ஒன்றுபோல் தளர்ந்திருந்தன.

பிறகு என்னைக் கேள்வி கேட்டார். தினமும் முட்டையா? ஆமாம். ஓடு எப்படி? சில நாளாகக் காகிதம் மாதிரி. தீனி? கம்பு. இரவில் வெளிச்சம் உண்டா? பின்சந்துத் தெருவிளக்கு விடிய விடிய எரிகிறது.

விஷயம் விளங்கிவிட்டது. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு கட்ட இருபது மணி நேரம் போல ஆகும். தீனியில் கிடைக்காதபோது கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டுகிறது. கம்பிலும் அரிசியிலும் கால்சியம் சொற்பம். காதரில் திரிந்தபோது நத்தையும் பூச்சியும் கீரையும் கிடைத்தன, வெயிலும் கிடைத்தது; வெயில் இல்லாமல் வைட்டமின் டி இல்லை, அது இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. குளிர்காலத்தில் பகல் குறுகினால் முட்டை தானாகக் குறையும். தெருவிளக்கு அதையும் கெடுத்திருக்கலாம் என்றார்.

அதன்பின் நடந்தது வெறும் பணிவிடை. கால்சியம் மருந்தையும் வைட்டமின் டி சொட்டையும் தயிரில் குழைத்து நாளுக்கு இரண்டு வேளை. நடக்க முடியாத கோழியை நோயைவிட முந்திக்கொண்டு தாகம் கொன்றுவிடும். அதனால் கழுத்து எட்டும் தூரத்தில் தண்ணீர். சொட்டுக்குழாயில் கொடுத்தால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாக, தொண்டைக்குள் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். எச்சம் ஒட்டாமல் துடைக்க வேண்டும், ஒரே பக்கமாகக் கிடக்காமல் புரட்ட வேண்டும். பகலில் ஜன்னலோரம், இரவில் விளக்கு படாத ஸ்டோர் ரூமில் வெந்நீர்ப் பையோடு. பழைய துணிப்பையில் கால்களுக்கு இரண்டு துளை வெட்டி, கவிழ்த்த முக்காலியின் கால்களில் ஊஞ்சல்போலக் கட்டினேன். பாதம் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கும். மொழிபெயர்க்கும் மேஜைக்கு அருகே அப்படி ஒருவர் தொங்கிக்கொண்டு நம்மைப் பார்த்தால் வேலை வேகமாக நடக்கும் என்பது உபரிச் செய்தி.

திங்கட்கிழமை கடுகுக்கீரையோடு வந்தவள் ஊஞ்சலைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை வரை பாருங்க தீதி. எந்திரிக்கலேன்னா அறுத்துடலாம். நின்னு போன பிறகு எதுக்கும் ஆகாது" என்றாள். அவள் குரலில் கொடுமை இல்லை. கதவில்லாத வீட்டின் கணக்கு இருந்தது.

பறவைக் கடையில் சமுந்தர் ஜாக் வாங்கி வந்தேன். கணவாய் மீனின் ஓடு, சுண்ணாம்புச் சத்து. தமிழில் அதற்குப் பெயர் கடல்நுரை. இந்திச் சொல்லுக்கும் அதே பொருள்தான். மொழிபெயர்ப்பாளருக்கு இப்படி ஒரு சொல் அகப்படுவது அபூர்வம்.

புதன் அன்று முட்டை நின்றது. வியாழன் அன்று ஊஞ்சலில் பாதத்தை ஊன்றித் தள்ளியது. வெள்ளியன்று பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன். முழங்காலில் உட்கார்ந்ததுபோல் ஒரு நிமிஷம், பிறகு சரிவு. சனிக்கிழமை மத்தியானம் சுவரோரமாக நான்கு அடி நடந்து, என் அகராதியின் மேல் எச்சமிட்டது.

ஞாயிறு காலை அவள் வந்தாள். கோழியைத் தூக்கி நெஞ்செலும்பை அமுக்கிப் பார்த்தாள், வயிற்று இறகை ஊதி விலக்கிப் பார்த்தாள். "இளைச்சுப் போயிட்டா" என்றாள். கடல்நுரை என்ன விலை என்று கேட்டாள். சொன்னேன்.

"அந்தக் காசுக்குக் கம்பே வாங்கிடலாம்" என்று சிரித்துவிட்டு, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "முட்டை ஓட்டையெல்லாம் என்ன பண்றீங்க? குப்பையிலயா? வறுத்துப் பொடிச்சுப் போட்டா அதுவும் சுண்ணாம்புதானே?" இனி ஓடுகளை ஒரு டப்பாவில் சேர்த்துவைக்கச் சொன்னாள். கதவு இன்னும் போடவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கோழியை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.