நாட்களை எண்ணிப் பயணம் செய்யுங்கள்



மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நம் சபைக் குடும்பங்களில் ஐரோப்பாவுக்குப் பயணப்படுவோர் பெருகி வருகின்றனர். பிராங்க்பர்ட்டிலோ ஆம்ஸ்டர்டாமிலோ பணியாற்றும் பிள்ளைகளைக் காணப் பெற்றோர் செல்கின்றனர். பவுல் அப்போஸ்தலன் நடந்த பாதையையும் எழுப்புதல் பிறந்த ஊர்களையும் காண விசுவாசிகள் பல ஆண்டுகள் பணம் சேர்த்துப் புறப்படுகின்றனர். பயணத்திற்காக உபவாசித்து ஜெபிக்கும் நாம், விசாவில் அச்சிடப்பட்டிருப்பதையும் நிதானமாக வாசிக்க வேண்டும். ஜெபமும் வேண்டும்; நாட்காட்டியும் வேண்டும்.

தடுப்பில்லாத எல்லைகள்

லக்சம்பர்க் நாட்டில் மோசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்னும் சிற்றூர் உண்டு. 1985 ஜூன் 14 அன்று அவ்வூரருகே ஒரு படகில் கூடிய 5 நாடுகளின் பிரதிநிதிகள், தங்களுக்கிடையே இருந்த எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்க ஒப்பந்தம் செய்தனர். 1995 மார்ச் 26 அன்று அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரி 1 அன்று ருமேனியாவும் பல்கேரியாவும் முழுமையாக இணைந்தபோது உறுப்பு நாடுகள் 29 ஆயின. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிடினும் இவ்வட்டாரத்தில் உள்ளன. அயர்லாந்து ஒன்றியத்தில் இருந்தும் இதில் இல்லை. பிரிட்டனுக்கோ தனி விசா வேண்டும்.

இந்தச் சலுகையின் அருமையை ஜெர்மனியின் ஹெர்ன்ஹட் என்னும் ஊரில் நன்கு உணரலாம். 1722-ஆம் ஆண்டில், விசுவாசத்தினிமித்தம் ஒடுக்கப்பட்ட மொராவியர் எல்லையை இரகசியமாகக் கடந்து, சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்தில் அடைக்கலம் புகுந்தனர். 1727 ஆகஸ்டு 13 அன்று அங்கே பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. அதைத் தொடர்ந்து எழுந்த இடைவிடாத ஜெபம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அச்சபையின் ஊழியர் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தனர். அன்று மொராவியர் ஒளிந்து கடந்த நிலப்பரப்பு இன்று செக் குடியரசில் உள்ளது. செக் குடியரசும் போலந்தும் 2007 டிசம்பரில் ஷெங்கனில் இணைந்தன. இப்போது ஹெர்ன்ஹட்டிலிருந்து சிறிது தூரம் தெற்கே சென்றால், மூன்று நாடுகள் சந்திக்கும் இடத்தில் சில நிமிடங்களில் மூன்று தேசங்களிலும் கால் பதிக்கலாம்.

ஆயினும் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுச் செல்லாதீர்கள். பாதுகாப்பின் நிமித்தம் உறுப்பு நாடுகள் தற்காலிகமாகச் சோதனையை மீண்டும் ஏற்படுத்த உரிமையுண்டு. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் அவ்வாறே செய்தது.

பத்முவுக்கும் எபேசுவுக்கும் நடுவே

துரோவாவில் தரிசனம் கண்ட பவுல் கடல் கடந்து நெயாப்போலிக்கு வந்தார். அங்கிருந்து பிலிப்பிக்குச் சென்றார். ஆற்றங்கரையில் லீதியாளின் இருதயம் திறக்கப்பட்டது. இன்று துரோவா இருந்த இடம் துருக்கியில் உள்ளது. நெயாப்போலியோ கவாலா என்னும் பெயரில் கிரேக்க நாட்டில் உள்ளது. பவுல் கடந்த அதே கடலில்தான் இன்று ஷெங்கன் வட்டாரத்தின் வெளி எல்லை செல்கிறது. யோவான் சிறைவைக்கப்பட்ட பத்மு தீவு கிரேக்கத்தைச் சேர்ந்தது; வெளிப்படுத்தின விசேஷத்தில் நிருபம் பெற்ற ஏழு சபைகளின் ஊர்கள் யாவும் துருக்கியில் உள்ளன.

பரிசுத்த ஸ்தலங்களைக் காணச் செல்வோர் இங்கேதான் கவனமாயிருக்க வேண்டும். ஏதென்ஸில் இறங்கி, கொரிந்தைப் பார்த்து, பின்பு எபேசுவுக்குப் போய், அங்கிருந்து பத்முவுக்குத் திரும்பும் திட்டத்தில் நீங்கள் வட்டாரத்துக்குள் இருமுறை நுழைகிறீர்கள். உங்கள் விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டுமானால், எபேசுவுக்குப் புறப்பட்ட நாளோடு அது முடிந்துவிடும். ஆகவே விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் அனுமதியைக் கேளுங்கள். அல்லது பிலிப்பி, தெசலோனிக்கே, கொரிந்து, பத்மு என்று கிரேக்கத்தை முழுவதும் கண்டபின் துருக்கிக்குச் சென்று, இஸ்தான்புல்லிலிருந்தே வீடு திரும்புங்கள். துருக்கிக்குரிய விசாவைத் தனியே பெற வேண்டும்.

90 நாட்களின் கணக்கு

குறுகிய காலம் தங்குவோருக்கான விதி இதுவே: எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும், அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் வட்டாரத்தில் தங்கக்கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். எல்லா உறுப்பு நாடுகளுக்கும் சேர்த்தே இந்த 90 நாட்கள். ஜெர்மனியில் 90 நாட்கள் இருந்துவிட்டு சுவிட்சர்லாந்தில் உள்ள தங்கை வீட்டுக்குப் போக இயலாது. லண்டனுக்கு ஒரு வாரம் போய் வந்தாலும் கணக்கு புதிதாகத் தொடங்காது.

மகளின் பிரசவத்திற்காக ஒரு தாயார் 2026 ஜனவரி 10 அன்று ம்யூனிக் நகரில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் என்று எண்ணி ஏப்ரல் 10 அன்று புறப்பட்டால் அது 91-ஆம் நாள்! ஏப்ரல் 9 அன்றே அவர் வெளியேற வேண்டும். பின்பு அவருக்கு வேறு செல்லுபடியாகும் விசா இருந்தாலும், ஜூலை 9-க்கு முன் மீண்டும் நுழைய இயலாது.

இன்னும் ஒரு காரியம். விசாவில் 'இத்தேதி முதல் இத்தேதி வரை' என்றிருப்பது செல்லுபடியாகும் காலம் மட்டுமே. தங்கக்கூடிய நாட்கள் எத்தனை என்று தனிக் கட்டத்தில் எழுதியிருக்கும்; அது 90-க்குக் குறைவாகவும் இருக்கலாம். அதுவே உங்கள் அளவு. 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய புதிய முறையின்படி, வருகையும் புறப்பாடும் முகப்படத்தோடு கணினியில் பதிவாகின்றன. மிகுதியாகத் தங்கினால் அபராதமும் மறுநுழைவுத் தடையும் வரலாம்; அடுத்த விசா மறுக்கப்படவும் கூடும். அடுத்த பேரப்பிள்ளை பிறக்கையில் அந்தத் தாயார் அருகே இருப்பாரா என்பது இந்த ஒரு நாளைப் பொறுத்ததாகிவிடலாம். கடும் வியாதி போன்ற தவிர்க்கமுடியாத காரணம் நேர்ந்தால் ஒளிந்திருக்க வேண்டாம். காலம் முடியுமுன் அந்நாட்டு அதிகாரிகளிடம் நீட்டிப்பு கேட்க வழியுண்டு.

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

பயணத்திற்கு 6 மாதத்திற்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு அவசியம். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்திற்கே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டுக்கு. 'அந்தத் தூதரகத்தில் எளிதாகக் கிடைக்கும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தங்காத ஊரில் தங்குவதாக எழுதுவது விசுவாசிக்குத் தகாது. பொய்யான தாளை வைத்துப் புறப்பட்டுவிட்டு, பிரயாணம் வாய்க்க வேண்டுமென்று எப்படி ஜெபிப்பது?

நெகேமியா இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமுக்குப் போக அனுமதி கேட்ட நெகேமியாவிடம், பயணம் எவ்வளவு காலம் செல்லும், எப்போது திரும்புவாய் என்று ராஜா வினவினார். அவர் ஒரு காலத்தைக் குறித்துச் சொன்னார். வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதங்களையும் கேட்டுப் பெற்றார். தேவனுடைய கரம் தம்மேல் இருந்ததை அறிந்த அவர், கடிதம் வேண்டாமென்று எண்ணவில்லை. பதின்மூன்றாம் அதிகாரத்தில் அவர் ராஜாவினிடத்திற்குத் திரும்பி வந்திருந்ததையும், மறுபடியும் விடை பெற்றுச் சென்றதையும் காண்கிறோம். திரும்பி வந்தவருக்கே மறுபடியும் வாசல் திறந்தது.

இன்றும் அப்படியே. 2024 ஏப்ரலில் இந்தியருக்கென வகுக்கப்பட்ட விதியின்படி, கடந்த 3 ஆண்டுகளில் இரண்டு விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவர், பலமுறை நுழையும் 2 ஆண்டு விசாவைப் பெறலாம். அதன்பின் 5 ஆண்டு விசாவும் கிடைக்கக்கூடும். அப்போதும் 90 நாட்களின் அளவு மாறாது.

நாம் நம் நகரங்களில் வந்தேறிகளாய் வாழ்கிறவர்கள். பிறர் தேசத்தில் விருந்தினராய் நுழையும்போது, கொடுத்த சொல்லின்படி வந்து, குறித்த நாளில் புறப்படுவதும் ஒரு சாட்சியே. நமக்குப் பின் அதே வாசலில் நிற்கப்போகும் சகோதரனுக்கும் அது நன்மையாகும்.

தேவன் தாமே உங்கள் பயணங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.