விரல் இடுக்கில் ஒட்டிய மருந்து

செப்டம்பர் 5, 2024, வியாழன்

முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து நடந்த நாள். 2012-ல் செத்தவர்கள் ஏறத்தாழ 40 பேர். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் ஆலை வெடித்தது. சாத்தூர் பக்கத்து எங்கள் ஊரில் வானம் அதிர்ந்தால் இப்போது யாரும் இடி என்று நினைப்பதில்லை. எந்த ஆலை, இன்றைக்கு அங்கே யார் யார் போயிருக்கிறார்கள் என்றுதான் கேட்கிறோம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். பேன்சி ரகப் பட்டாசுக் குழாய்களுக்கு வெடிமருந்து செலுத்தியவள். உராய்வில் பற்றிய தீ அவள் கைகளையும் கழுத்தையும் தின்றுவிட்டது. தீக்காய வார்டில் அவளுக்குத் துணையிருந்த நாட்களில்தான் புகையைப் பற்றிய என் எண்ணம் மாறியது. அதுவரை மாசு என்பது டெல்லிக்காரர்கள் பேச்சு, எங்கள் அடுப்பை அணைக்க வந்த பேச்சு. கட்டுப் பிரித்தபோது, தீப்படாமல் தப்பிய நகக்கண்ணில் அலுமினியப் பவுடரின் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. ஊரெல்லாம் தீபாவளி ராத்திரியில் சுவாசிக்கிற பவுடரை இவள் வருடம் முழுக்கச் சோற்றுக் கையில் சுமந்திருக்கிறாள். புகை முதலில் போய்ச் சேர்வது எங்கள் பெண்களின் உடம்புக்கு.

அக்டோபர் 23, புதன்

2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த தேதி. டெல்லியில் மூன்று கைக்குழந்தைகள் பெயரில் 2015-ல் போட்ட வழக்கு அது. பச்சை உப்பு என்று நாங்கள் சொல்லும் பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை, சரவெடிக்குத் தடை, இனிப் பசுமைப் பட்டாசு மட்டும். நாக்பூர் நீரி நிறுவனம் உருவாக்கிய கலவையில் தூசு 30 சதவீதம் குறையும் என்கிறார்கள். குறையட்டும், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கலவையும் உரசினால் பற்றும். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் அதற்கு மேல் உட்கார வைத்தால், புழுக்கம் தாங்காமல் மரத்தடியில் மருந்து செலுத்தினால், ஈரம் பட்ட மீதி மருந்தை மறுநாளுக்கு வைத்தால், பெட்டியில் ஒட்டிய பசுமை முத்திரை யாரைக் காப்பாற்றும்? வேலை செய்கிறவளின் கையைக் கணக்கில் எடுக்காத பசுமையை நான் பசுமை என்று ஒப்பமாட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

மதினியும் அக்கா கிடந்த தீக்காய வார்டுக்குத் தினமும் வந்தவள்தான். அடுத்த மாதமே ஆலை வண்டியில் ஏறிவிட்டாள். குழுக் கடன் இருக்கிறது, பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும். வானம் பார்த்த கரிசல். கண்மாய் நிறைய சீமைக்கருவேலம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த காலம் முதல், மழை கைவிட்டவர்களுக்கு இதுதான் கஞ்சி. அவளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் பார்த்ததையெல்லாம் அவளும் பார்த்தாள். வேறு கூலி மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

விருதுநகர் ஆட்சியர் அலுவலகம், குறைதீர்க்கும் கூட்டம். பட்டாசுக் கழிவைக் கண்மாய்க் கரையில் கொட்டி எரிக்கிறார்கள், ஆடு மாடு குடிக்கிற தண்ணீர், நிறுத்த வேண்டும் என்று நானும் அக்காவும் மனு கொடுத்தோம். முன்பெல்லாம் அந்தப் புகை வந்தால் சன்னலைச் சாத்துவோம், அவ்வளவுதான். மதினி வரவில்லை. "என் பேரப் போட்றாத தாயி, தீவாளி முடிஞ்சு ஆலை தொறக்கும்போது கூப்பிட மாட்டாக" என்றாள். எந்த இடத்தில், எந்நேரத்தில் கொட்டுகிறார்கள் என்று மனுவில் எழுதியதெல்லாம் அவள் சொன்னது.