நடுவில் கொஞ்சம் மணிலா!

விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. ஆனால் அந்த ஐந்து பக்கத்து ஜனமும் நான் ஏறும் பாசஞ்சர் பெட்டியில்தான் ஏறும்!

திண்டிவனம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம்... அதற்குள் மூன்று பேர் ஸீட்டில் ஐந்து பேர். "கொஞ்சம் தள்ளிக்க தம்பி" என்பது வேண்டுகோள் அல்ல, தகவல். உட்கார்ந்ததும் விசாரணை. எந்த ஊரு? என்ன சம்பளம்? கல்யாணம் ஆச்சா? வெள்ளைக்காரனாக இருந்தால் 'பிரைவஸி' என்று அலறியிருப்பான்.

பிலிப்பைன்ஸ்காரர் அலற மாட்டார். அங்கே விர்ஜீலியோ என்ரீக்கஸ் என்று ஒரு மனோதத்துவப் பேராசிரியர் இருந்தார். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி 1971-ல் ஊர் திரும்பியவருக்கு, அங்கே கற்ற அளவுகோல் தன் ஜனங்களின் மனசுக்குப் பொருந்தவில்லை என்று பட்டது. உள்ளூர் வார்த்தைகளிலேயே தேடினார். 1975-ல் அதற்காக மாநாடே நடந்தது. அவர் பிடித்துக்கொண்ட டகாலோக் சொல், 'கப்வா'. அதை 'மற்றவர்' என்று மொழிபெயர்த்தால் தப்பு என்றார். கப்வாவுக்குள் நானும் உண்டு!

நமக்கு இது சுலபமாகப் புரியும். 'நாங்க' வேறு, 'நாம' வேறு இல்லையா? டகாலோக்கிலும் அப்படியே: 'கமி', 'தாயோ'. பாவம், இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே 'வீ'.

இன்னொரு சொல், 'பகிகிரம்தம்'. எதிராளி சொல்லாததையும் உணர்ந்துகொள்வது. அதை நான் கண்ணால் பார்த்தது விக்கிரவாண்டி தாண்டி.

எதிரே இன் பண்ணின சட்டையோடு ஒரு பையன், மடியில் டிபன் பை. பக்கத்தில் வேர்க்கடலை மூட்டையோடு ஒரு அம்மா. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தவன், "வேலையெல்லாம் எப்படிப்பா?" என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். அந்தம்மா அடுத்த கேள்வி கேட்கவில்லை. டிபன் பையைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. ஒரு கை கடலை அள்ளி அவன் மடியில் போட்டு, "மொதல்ல இத துன்னு ராசா" என்றார்.

பேரணி வரும்போது வாயைத் திறந்தான். வேலை போய் மூன்று வாரம். வீட்டில் தெரியாது. தினமும் வழக்கம்போல விழுப்புரம் போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறான். "அப்பா மூஞ்சியப் பாத்து சொல்ல வரலம்மா."

இதற்கும் அங்கே பெயர் உண்டு, 'ஹியா'. இங்கிலீஷில் வெறும் 'அவமானம்' என்று எழுதினார்கள். எது தகும், எது தகாது என்ற நாசூக்கும் அதில் சேர்த்தி என்பது என்ரீக்கஸ் கட்சி. பையன் முகத்தில் இரண்டும் இருந்தது.

பெட்டியில் பேச்சு நின்றுவிட்டது. சம்பளம் கேட்ட பெரியவர்கூட குனிந்துகொண்டார்.

திண்டிவனம் வந்தது. மேல்மருவத்தூருக்கு டிக்கெட் வாங்கியிருந்த அந்தம்மா எழுந்து, மூட்டையை அவன் தலையில் ஏற்றினார்.

"நட. நாம போயி சொல்லுவோம்."