சாமி மலையேறிய பிறகு

மலேசியாவில் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து என்னிடம் நேராக வந்தவர்கள் அபூர்வம். முதலில் முனியாண்டி கோயில், பிறகு குறி சொல்பவர், அப்புறம் கிளினிக். அங்கே எழுதிக் கொடுத்தால்தான் கவுன்சலர். அந்த வரிசையில் எனக்கு வருத்தமில்லை. பூசாரி நள்ளிரவிலும் கதவைத் திறப்பார். நான் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிறேன்.

"எனக்குச் சாமி வருது மிஸ், இது நோயா?" என்று கேட்கும் பெண்ணிடம் சாமி உண்டா இல்லையா என்ற பேச்சுக்கே நான் போவதில்லை. எப்போது வருகிறது, எங்கே, யார் இறக்கிவிடுகிறார்கள் என்றுதான் கேட்பேன். திருவிழாவில் உறுமி முழங்கும்போது வந்து, திருநீறு போட்டதும் மலையேறி, மறுநாள் அவர் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினால் அது கோயில் விஷயம். சமய வழக்கத்துக்குள் அடங்கிய அருளாட்டத்தை உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலும் நோயில் சேர்ப்பதில்லை. பஸ்ஸில், பாசார் மாலாம் இரவுச் சந்தையில், வேண்டாம் வேண்டாம் என்று அவர் தவிக்கும்போதும் வந்து, தூக்கமும் வேலையும் போனால் அது என் பாடு.

சாமி என்ன பேசியது என்பது அடுத்த கேள்வி. அவருக்கு நினைவிருக்காது; கூட வந்த மாமியார் தயங்கித் தயங்கிச் சொல்வார்: "இந்த வீட்ல எனக்கு ஒருவாய் சோறு போட ஆளில்லைன்னு கத்துனா." மருமகளாகச் சொல்ல முடியாததைச் சாமியாகச் சொல்லியிருக்கிறார், புருஷன் கைகட்டி நின்று கேட்டிருக்கிறான். அதே வார்த்தையை உறுமி இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வைக்க எனக்குப் பல வாரம் பிடிக்கும்.

கோயில் குணமாக்குமா? தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன ஆய்வாளர்கள் கவனித்து 2002-இல் எழுதினார்கள். மருந்தில்லாமலே நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அதட்டல் இல்லாத இடம், கூடவே சொந்தக்காரர், அன்றாடம் கோயில் வேலை. அதே தமிழ்நாட்டில்தான் ஏர்வாடியும் இருக்கிறது. நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த காப்பகம் ஒன்று 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். ஆகவே கோயிலா கிளினிக்கா என்று நான் யாரையும் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை. அங்கே கட்டி வைக்கிறார்களா, சோறு போடுகிறார்களா என்று விசாரிக்கிறேன்.

பூசாரி ஐயாக்களுக்கு ஒரு வேண்டுகோள். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். மனநிலை மருந்தான லித்தியம் சாப்பிடுகிறவர் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் காவடி எடுத்தால் அந்த மருந்தே உடம்பில் நஞ்சாகும். டாக்டரிடம் கேட்டு வந்த பிறகு காப்புக் கட்டுங்கள்.